ஏழாம் வரிசை, நான்காம் கல்

புதுக்கோட்டை
11.06.2025

மதிப்பிற்குரிய வித்யா அவர்களுக்கு,

முன்பின் தெரியாத ஒருத்தி கடிதம் எழுதுவதற்கு முதலில் மன்னிக்க வேண்டும். உங்கள் முகவரியை வீட்டு ஒப்பந்தத் தாளின் பங்குதாரர் பட்டியலில் பார்த்து எடுத்தேன். அப்படி எடுத்தது தவறு. பக்கத்திலேயே போன் நம்பரும் இருந்தது. ஆனால் போனில் எனக்குப் பேச வராது. எதிரில் இருப்பவர் "சொல்லுங்க" என்றதும் சொல்ல வந்தது போய்விடும்.

என் பெயர் பிரகதீஸ்வரி. புதுக்கோட்டை பைபாஸில் ஒரு டைல்ஸ் கடையில் வேலை பார்க்கிறேன். திருமயத்துக்குப் பக்கத்தில் உள்ள உங்கள் வீட்டைப் பிரிக்கப் போகிறார்கள். அதன் தரைக்கல்லை வாங்கியிருப்பவர் எங்கள் முதலாளி. கற்களுக்கு எண் போட என்னை அனுப்பினார். வரிசை வரிசையாகச் சாக்பீஸால் எழுத வேண்டும். நல்ல கல்லுக்கு எண். உடைந்த கல்லுக்கும் கறைக் கல்லுக்கும் எண்ணோடு ஒரு பெருக்கல் குறி.

இரண்டாம் கட்டுக்குப் போகும் வழியில் பெரிய தேக்கு அலமாரி நின்ற இடத்தில், ஏழாம் வரிசையில் நான்காவது கல்லில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்ட அடையாளம் இருக்கிறது. உங்களுக்கு நினைவிருக்கலாம். 2005 தை மாதம் உங்கள் சித்தப்பா கல்யாணத்தின்போது, கொதிக்கிற பால் பாத்திரத்தை வைத்து அந்தக் கறையை உண்டாக்கியதாகச் சொல்லி ஒரு வேலைக்காரியை நிறுத்தினார்கள். பெயர் அழகம்மாள். நான் அவருடைய மகள். அப்போது எனக்கு மூன்று வயது.

நான் எம்.எஸ்சி. நிலவியல் படித்திருக்கிறேன். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். படிக்கும்போது அரியலூர்ப் பக்கம் கூட்டிப் போய் அம்மோனைட் என்ற புதைபடிவத்தைக் காட்டினார்கள். அது கடலில் வாழும் கணவாய் மீனுக்குச் சொந்தக்காரன். ஓட்டுக்குள் இருந்துகொண்டு கைகளை நீட்டிச் சின்ன உயிர்களைப் பிடித்துத் தின்றது. ஓடு நத்தை போலச் சுருண்டிருக்கும், ஆனால் உள்ளே அறை அறையாகத் தடுப்பு இருக்கும். வளர வளர, பின்னால் ஒரு சுவர் எழுப்பிவிட்டு முன்னால் நகரும். எத்தனை அறை இருந்தாலும் அது குடியிருப்பது கடைசி அறையில் மட்டும். அந்த இனமே அழிந்து ஆறரைக் கோடி ஆண்டுகள் ஆகின்றன.

உங்கள் கல்லில் இருப்பது அதுதான். ஈரத்துணியால் துடைத்துவிட்டு, கையிலிருந்த லென்ஸ் வைத்துப் பார்த்தேன். பதினெட்டு அறைகள் வரை எண்ண முடிந்தது. அந்த மாதிரிச் சிவப்புக் கல்லுக்குப் பதினைந்து கோடி வயது இருக்கலாம். இத்தாலியிலிருந்து கப்பலில் வந்த கல் என்று காவல்காரர் முத்துராஜ் சொன்னார். கல் வரும்போதே அது உள்ளே இருந்திருக்கிறது. மேலே அலமாரி நின்றதால் யாரும் பார்த்ததில்லை.

பின்னால் நின்ற முதலாளி, "என்னம்மா ஒரு கல்லுலயே ஒக்காந்துட்ட? அது கறைக் கல்லு, எக்ஸ் போடு" என்றார். போட்டேன். 7-4, பெருக்கல் குறி.

வேறொன்றும் இல்லை. யாருக்காவது சொல்ல வேண்டும் போலிருந்தது.

இப்படிக்கு,
பிரகதீஸ்வரி


சென்னை
20.06.2025

பிரகதீஸ்வரி அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. இது என் கிளினிக்கின் மருந்துச்சீட்டுத் தாள். வேறு தாள் கையில் இல்லை. நான் பல் மருத்துவர்.

கல்லின் விலை பற்றியோ, தரம் பற்றியோ என்றால் என்னிடம் பேசிப் பயனில்லை. அந்த வீட்டில் ஏழு பங்கு. எங்கள் பங்குக்கு எல்லாம் பார்ப்பது என் தகப்பனார் கண்ணப்பன். அவருடைய எண்ணும் அதே தாளில் இருக்கும். எங்களுக்கென்று அங்கே இருப்பது பூட்டிய ஓர் அறைதான்.

அழகம்மாளை எனக்கு நினைவிருக்கிறது. நன்றாக இருக்கிறார்களா?

நீங்கள் என்ன எதிர்பார்த்து எழுதினீர்கள் என்று புரியவில்லை. தவறாக நினைக்க வேண்டாம். வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் எனக்குப் பதில் சொல்வது சுலபம்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அது சூடு பட்ட அடையாளம் இல்லை என்று உங்களுக்கு உறுதியாகத் தெரியுமா? சூடான பாத்திரம், நெருப்பு, அந்த மாதிரி எதுவும் இல்லையா?

வித்யா


புதுக்கோட்டை
27.06.2025

வித்யா அவர்களுக்கு,

பதில் வரும் என்று நான் நினைக்கவில்லை. நன்றி. விலைக்கும் என் கடிதத்துக்கும் சம்பந்தம் இல்லை. நான் எழுதியது முதலாளிக்குத் தெரியாது.

உறுதியாகத் தெரியுமா என்று கேட்டிருந்தீர்கள். அதற்காகவே ஞாயிற்றுக்கிழமை மறுபடி போய்ப் பார்த்தேன். முத்துராஜ் மாமா அம்மாவுக்குத் தூரத்துச் சொந்தம், அதனால் திறந்துவிட்டார். 7-4-க்குப் பக்கத்துக் கல் 7-5. ஒரே பாளத்தை அறுத்து, அறுத்த முகம் இரண்டும் மேலே தெரியும்படி புத்தகத்தை விரித்த மாதிரி பக்கத்தில் பக்கத்தில் பதித்திருக்கிறார்கள். 7-5 முழுக்க எண்பது வருஷ அழுக்கு. துடைத்தேன். 7-4-இல் சுருள் எங்கே இருக்கிறதோ, அதற்கு நேர் எதிராக இதிலும் ஒரு சுருள். கொஞ்சம் சின்னது, எலுமிச்சம்பழ அளவு. ஒரே உயிரை ரம்பம் இரண்டாக அறுத்திருக்கிறது. பாத்திரமோ நெருப்போ இப்படிச் செய்யாது.

அம்மா நன்றாக இருக்கிறார்கள். குன்றாண்டார்கோவில் பக்கம் அம்மா பிறந்த ஊரில்தான் இருபது வருஷமாக இருக்கிறோம். உங்கள் வீட்டில் நிறுத்திய பிறகு அந்தத் தெருவில் வேறு எந்த வீட்டிலும் சேர்த்துக்கொள்ளவில்லை. கல்லைக் கெடுத்தவள் என்று பேர் ஆகிவிட்டதாம். இப்போது நூறு நாள் வேலைக்குப் போகிறார்கள்.

நிறுத்துவதற்கு முன்னால் பதினோரு நாள் அந்தக் கல்லைத் தேய்த்ததை அம்மா அடிக்கடி சொல்வார்கள். பெருமையும் இல்லாமல் வருத்தமும் இல்லாமல், யாருக்கோ நடந்தது போலச் சொல்வார்கள். முதல் நாள் சாம்பல். பிறகு புளி. பிறகு எலுமிச்சம்பழம். ஐந்தாம் நாளிலிருந்து கக்கூஸ் கழுவுகிற ஆசிட். தேங்காய் நாரில் தொட்டுத் தொட்டுத் தேய்த்திருக்கிறார்கள். "தேய்க்கத் தேய்க்க நல்லாத் தெரிஞ்சுச்சுத்தா, மறையவே இல்ல" என்பார்கள். அது சரிதான். ஓட்டைச் சுற்றியிருந்த மெத்தென்ற கல்லை ஆசிட் தின்றிருக்கிறது. ஓடு எழும்பி நிற்கிறது. நான் பதினெட்டு அறை எண்ண முடிந்தது அம்மா தேய்த்ததால்தான். கல்லூரியில் ஒரு மாதிரியைச் சுத்தம் செய்ய நாங்களும் அதைத்தான் செய்வோம், கையுறை போட்டுக்கொண்டு.

ரேஷன் கடையில் அம்மாவின் கட்டைவிரலை மெஷின் எடுப்பதில்லை. விரலைத் துடைத்துவிட்டு வை, எண்ணெய் தொட்டு வை, அழுத்தி வை என்று ஒவ்வொரு மாதமும் வரிசை நிற்கும். ரேகை இல்லை. கடைசியில் நான் லீவு போட்டுக்கொண்டு போய் என் விரலை வைப்பேன்.

போன வாரம் அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். அடுப்பில் குழம்பைக் கிண்டிக்கொண்டே கேட்டார்கள்.

"கல்லுக்குள்ள கணவாயா? அப்ப நான் பதினோரு நாளு கணவாயாத் தேச்சேன்?"

"நெசமாம்மா. நீ பாத்திரத்த வைக்கிறதுக்கு முன்னாடியே அது இருந்துச்சு."

"அலமாரிய நகட்டுனது நானு. பால எறக்கி வச்சது நானு. எடுத்தா அடியில வட்டமா நிக்கிது. கண்ணால பாத்தவ நான். ஒன்னப் படிக்க வச்சா நீ எனக்கே வக்காலத்து வாங்குறியாக்கும்? போடி, போயி எலையப் போடு."

இலை போட்டேன்.

பிரகதீஸ்வரி


(அஞ்சல் அட்டை)
05.07.2025

வித்யா அவர்களுக்கு, உங்களுக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும் எழுதுகிறேன். ஆகஸ்ட் 24 ஞாயிறு உங்கள் பங்காளிகள் அந்த வீட்டில் முன்னோருக்குக் கடைசிப் படைப்புப் போடுகிறார்களாம். மறுநாள் 25 முதல் கல் பெயர்ப்பு. பெருக்கல் குறி போட்டவற்றை முதலில் எடுத்து உடைத்துக் கடையின் பின்புறப் பள்ளத்துக்குப் போடச் சொல்லியிருக்கிறார் முதலாளி. - பிரகதீஸ்வரி


சென்னை
14.07.2025

பிரகதீஸ்வரிக்கு,

உங்கள் இரண்டாவது கடிதத்தைப் படித்துவிட்டு மேசை டிராயரில் வைத்துவிட்டேன். இரண்டு வாரம் அந்த டிராயரைத் திறக்கவில்லை. அதில்தான் என் பேனா எல்லாம் இருக்கிறது. ரிசப்ஷனில் கடன் வாங்கி எழுதிக்கொண்டிருந்தேன்.

இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அந்தக் கறையை நான்தான் உண்டாக்கினேன் என்று இருபது வருஷமாக நம்பிக்கொண்டிருந்தேன்.

எனக்கு ஒன்பது வயது. பெண் அழைப்புக்கு முன்னால் வீடு முழுக்கச் சாம்பிராணி போட வேண்டும். பெரியவர்கள் யாருக்கும் நேரம் இல்லை. நான் அடம்பிடித்துச் சாம்பிராணிக் கரண்டியை வாங்கிக்கொண்டேன். கங்கு நிறைய இருந்தது, கை சுட்டது. அலமாரி நகர்த்திய இடம் காலியாக இருந்ததால் அங்கே தரையில் வைத்துவிட்டு ஓடினேன். திரும்பி வந்து எடுத்தபோது அடியில் வட்டமாக ஓர் அடையாளம். ஒரு ஜமுக்காளத்தை இழுத்து மேலே போட்டுவிட்டேன்.

உங்கள் அம்மா அன்று மாலை ஜமுக்காளத்தை உதறி எடுத்திருக்கிறார்கள், பால் இறக்க. அடுத்த நாள் பங்காளி வீட்டார் இருபது பேர் நிற்கும்போது எங்கள் ஆத்தா, அதாவது என் அம்மா தனலட்சுமி, "இங்க சூடா என்னத்தடி வச்ச?" என்று கேட்டார்கள். உங்கள் அம்மா உடனே, "பாலு வச்சேங்க ஆச்சி, நாந்தேன்" என்றார்கள். நான் தூணுக்குப் பின்னால் நின்றேன். பட்டுப்பாவாடை. கையில் ஜிகர்தண்டா கலரில் ஏதோ ஒரு சர்பத். எல்லாம் நினைவிருக்கிறது. வாயைத் திறக்கவில்லை.

பதினோரு நாள் தேய்த்ததில் நான்கு நாள் நான் பார்த்திருக்கிறேன். பொங்கல் லீவு முடிந்து சென்னை வந்துவிட்டோம்.

தினம் என் நோயாளிகள் யாரிடமாவது நான் சொல்கிற வார்த்தை இது: "தேய்ச்சாப் போகாதும்மா, அது மேல இருக்கிற கறை இல்ல, உள்ள இருக்கிறது." எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். ஒரு தடவைகூட அந்தக் கல் ஞாபகம் வந்ததில்லை.

நீங்கள் எழுதியது எனக்கு நிம்மதி தர வேண்டும். தரவில்லை. கறை என்னுடையது இல்லை என்று இப்போது தெரிகிறது. ஆனால் என்னுடையது என்று நம்பித்தானே நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன்? அதற்கு உங்கள் அம்மோனைட் ஒன்றும் செய்ய முடியாது.

இனிமேல் என்னை 'அவர்களுக்கு' என்று எழுத வேண்டாம்.

வித்யா


புதுக்கோட்டை
22.07.2025

வித்யா அக்காவுக்கு,

நீங்கள் சொன்னதால் இப்படி எழுதுகிறேன். எழுதும்போது கை கூசுகிறது.

உங்கள் கடிதத்தைக் கடையில், சிமென்ட் நிற டைல்ஸ் அட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து படித்தேன். படித்து முடித்ததும் ஒரு வாடிக்கையாளர் பாத்ரூமுக்கு வழுக்காத டைல் கேட்டார். காட்டினேன். நான்கு பெட்டி எடுத்துக்கொண்டு போனார். பிறகு மறுபடி படித்தேன். கோபம் வரும் என்று காத்திருந்தேன். சாயங்காலம் பஸ்ஸில் வரும்போதும் காத்திருந்தேன். ஒன்பது வயதில் நானாக இருந்தாலும் தூணுக்குப் பின்னால்தான் நின்றிருப்பேன் என்று மட்டும் தோன்றியது. எனக்கு இப்போதுகூட நாலு பேர் முன்னால் பேச வராது.

அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. என் வாயிலிருந்து வர வேண்டியது இல்லை என்று நினைத்தேன்.

இப்போது ஒரு புது விஷயம். முத்துராஜ் மாமா போனில் அம்மாவிடம் படைப்பைப் பற்றிச் சொல்லிவிட்டார். எல்லாப் பங்காளியும் வருகிறார்கள், தனலட்சுமி ஆச்சியும் வருகிறார்கள் என்று. அன்றிலிருந்து அம்மா தயாராகிக்கொண்டிருக்கிறார்கள். என் கல்லூரிப் பட்டமளிப்புக்குக் கட்டிய சேலையைப் பெட்டியிலிருந்து எடுத்து வெயிலில் போட்டிருக்கிறார்கள். எதற்கு என்று கேட்டேன்.

"வீட்டப் பிரிக்கப் போறாக. அதுக்குள்ள ஆச்சி கால்ல விழுந்து ஒரு வார்த்த மன்னிப்புக் கேட்டுட்டு வந்துரணும்."

"எதுக்கும்மா மன்னிப்பு? நீதான் ஒண்ணும் செய்யலையே."

"அன்னைக்கு ஒத்துக்கிட்டேனே தவிர, மன்னிச்சுக்கங்கன்னு கேக்கல. கையி எரிஞ்சுச்சு, போன்னு சொன்னதும் கோவத்துல வந்துட்டேன். அது ஒரு மாதிரி நிக்கிது உள்ள. நீ வரவேணாம், நாம்பாட்டுக்குப் போயிட்டு வாரேன்."

பாருங்கள் அக்கா, ஏழு நாள் ஆசிட்டில் கை வைத்துவிட்டு வந்தவர், தான் கோபப்பட்டதற்காக மன்னிப்புக் கேட்கப் போகிறார். நான் போக வேண்டாம் என்றேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நான் வாங்கித் தந்த கண்ணாடியைப் போட்டுக்கொள்ளாமல் பழைய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இருந்தார்கள். எங்கள் வீட்டில் சண்டை இப்படித்தான் நடக்கும்.

தங்கை,
பிரகதீஸ்வரி


சென்னை
06.08.2025

பிரகதாவுக்கு,

இரண்டு காரியம் செய்தேன். ஒன்று நடந்தது, ஒன்று நடக்கவில்லை.

அப்பாவிடம் பேசி 7-4, 7-5 இரண்டையும் தனியே எடுத்து வைக்கச் சொல்லிவிட்டேன். "கறைக் கல்லு ஒனக்கு எதுக்குத்தா?" என்றார். கிளினிக் வாசலுக்கு என்று பொய் சொன்னேன். உங்கள் முதலாளிக்கு அதில் ஆட்சேபணை இல்லையாம், போட்டு உடைக்கிற கல்தானே. அவை உங்களுக்குத்தான். உங்கள் வீட்டுக்கு அனுப்பவா? இல்லை, நீங்கள் படித்த கல்லூரிக்கா? கீழே உங்கள் அம்மா பெயரைப் போட்டு வைக்கச் சொல்லலாம்.

நடக்காதது: ஆத்தாவிடம் சொன்னேன். உங்கள் கடிதங்களைப் படித்தே காட்டினேன். டிவியை நிறுத்தாமல் கேட்டார்கள்.

"அப்ப அவளே ஏன் ஒத்துக்கிட்டா? செய்யாதத எவளாவது செஞ்சேன்னு சொல்லுவாளா?"

"அவுகளும் நம்பியிருக்காக ஆத்தா."

"சரி விடு. இருபது வருஷத்துக் கதை. அவ கையி வேலைக்குச் சுத்தம், அதுக்கப்பறம் அந்த மாதிரி ஆள் கெடைக்கல. நான் என்ன அவளக் கழுத்தப் பிடிச்சாத் தள்ளுனேன்? தேய்ச்சுப் பாருன்னேன்."

அந்த நிமிஷம் சாம்பிராணிக் கரண்டியைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டும். நாக்கு வரை வந்தது. சொல்லவில்லை. எனக்கு இருபத்தொன்பது வயது, பிரகதா. தினம் பதினைந்து பேர் வாயைத் திறக்கச் சொல்கிறேன்.

உங்கள் அம்மா அன்று வராமல் இருந்தால் நல்லது. ஆத்தா மோசமானவர் இல்லை. ஆனால் பங்காளிகள் முன்னால் கொஞ்சம் அதிகமாகவே இருப்பார்கள். ஏதாவது சொல்லிவிடுவார்கள். எப்படியாவது தடுத்துவிடுங்கள். வேறொரு நாள் நானே காரில் வந்து, உங்கள் ஊரிலேயே அம்மாவைத் தனியாகப் பார்க்கிறேன். சத்தியமாக.

வித்யா


குன்றாண்டார்கோவில்
13.08.2025

வித்யா அக்காவுக்கு,

கல்லைக் காப்பாற்றியதற்கு நன்றி. ஆனால் எங்கள் வீட்டுக்கு வேண்டாம். இரண்டு அறை. பிறகு, அந்தக் கல்லை அம்மா வீட்டுக்குள் விட மாட்டார்கள். கல்லூரிக்குக் கொடுங்கள். அம்மா பெயர் வேண்டாம். கிடைத்த இடம் மட்டும் எழுதினால் போதும். நாங்கள் எல்லா மாதிரிக்கும் அதைத்தான் எழுதுவோம். எங்கே கிடைத்தது என்று தெரியாத மாதிரிக்கு மதிப்பே இல்லை என்று சொல்லிக் கொடுத்தார்கள்.

அம்மாவைத் தடுக்கச் சொல்லியிருந்தீர்கள். எல்லா வழியிலும் பார்த்துவிட்டேன். பஸ் நேரம் மாறிவிட்டது என்றுகூடச் சொன்னேன். டிரைவரிடமே கேட்டுவிட்டு வந்து, "ஏழே முக்காலுக்கு இருக்காம்டி" என்றார்கள்.

போன சனிக்கிழமை என் செல்போனில் எடுத்த 7-4, 7-5 படத்தை அம்மாவிடம் மறுபடி காட்டினேன். பெரிதாக்கிக் காட்டினேன். எதிரெதிரே இரண்டு சுருள். பொறுமையாகப் பார்த்தார்கள். "அழகாத்தான் இருக்கு" என்றார்கள். பிறகு சொன்னார்கள், "ஒனக்காக நம்புறேன்த்தா." நம்பவில்லை. எனக்காக என்று சொன்னால் அதற்கு அதுதான் அர்த்தம். அம்மோனைட்டை நம்ப எனக்கு ஐந்து வருஷப் படிப்பு தேவைப்பட்டது. அம்மாவுக்கு அது பாத்திரத்தின் அடியில் இருந்த வட்டம். கண்ணால் பார்த்தது.

அப்போதுதான் ஒன்று கேட்டுப் பார்த்தேன். உங்களைச் சொல்லவில்லை, பயப்பட வேண்டாம்.

"நீ வைக்கிறதுக்கு முன்னாடி வேற யாராச்சும் அங்க சூடா எதையாவது வச்சிருந்தாங்கன்னா?"

அம்மா யோசித்தார்கள். இந்தக் கேள்விக்குத்தான் முதல் தடவையாக யோசித்தார்கள். கல்லுக்குள் கணவாய் என்றபோது இப்படி யோசிக்கவில்லை.

"அலமாரிய நான்தேன் காலையில நகட்டுனேன். பாலு எறக்குனது சாயங்காலம். நடுவுல வச்சிருக்கலாம்தான்" என்றார்கள். பிறகு தலையை ஆட்டிக்கொண்டு, "இல்லத்தா. அப்புடி யாராச்சும் வச்சிருந்தா, நான் தேய்க்கிறதப் பாத்துக்கிட்டு அந்த வீட்டுல ஒரு ஆளு வாயத் தெறந்திருக்கும்ல? அவுகளும் மனுசங்கதானே" என்றார்கள்.

இதை எழுத வேண்டாம் என்று இரண்டு நாள் நினைத்தேன். உங்களைக் குத்துவதற்காக எழுதவில்லை. அம்மா உங்கள் வீட்டாரைப் பற்றி அப்படித்தான் நினைக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். இருபது வருஷமாக.

நீங்கள் வேறொரு நாள் தனியாக வந்து பார்ப்பதாகச் சொன்னீர்கள். வந்தால் அம்மா காபி போட்டுத் தருவார்கள். நீங்கள் சொல்வதைக் கேட்டுவிட்டு, "சின்னப் புள்ள, என்ன தெரியும்" என்று உங்களைச் சமாதானம் செய்து அனுப்புவார்கள். ஆனால் அதற்குள் 24-ஆம் தேதி முடிந்திருக்கும். அன்று இலை போட்டு முடித்ததும், அம்மா பின்வாசல் வழியாக வந்து ஓரமாக நின்று, ஆச்சி கை கழுவி வரும்வரை காத்திருந்து, அந்தச் சேலையோடு குனிவார்கள். 7-4-க்குப் பக்கத்தில்தான் குனிவார்கள், ஆச்சி அந்த வழியாகத்தான் வருவார்கள். அப்போது இருபது பேர் இருப்பார்கள். போன தடவையும் இருபது பேர்தான்.

நான் லீவு கேட்டிருக்கிறேன், அம்மாவோடு வருவேன். ஆனால் அங்கே என்னால் பேச முடியாது. எனக்கே தெரியும். வந்து நிற்பேன், அவ்வளவுதான்.

நான் முதல் கடிதத்தில் 'வேறொன்றும் இல்லை' என்று எழுதினேன். நீங்களும் என்ன எதிர்பார்க்கிறேன் என்று நேராகக் கேட்டீர்கள். அப்போதே ஒன்று இருந்தது. உங்கள் வீட்டிலிருந்து யாராவது ஒருவர், கறை அழகம்மாளால் வந்ததில்லை என்று அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்பது. அம்மோனைட் என்று தெரிந்துவிட்டதால் அதைக் கேட்பது சுலபம் என்று நினைத்தேன். இப்போது பார்த்தால் அம்மோனைட்டால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அதை நானும் நீங்களும்தான் நம்புகிறோம்.

ஆனால் சாம்பிராணிக் கரண்டியை அம்மா நம்புவார்கள். காலைக்கும் மாலைக்கும் நடுவில் அதற்கு இடம் இருக்கிறது. ஆத்தாவும் நம்புவார்கள். நீங்களே இருபது வருஷம் நம்பியிருக்கிறீர்கள்.

அது உண்மை இல்லை என்று எனக்குத் தெரியும். அந்தக் கல்லில் உங்கள் கரண்டி ஒன்றும் செய்யவில்லை. நிலவியல் படித்த நான் இதைக் கேட்கக் கூடாது. ஆனாலும் கேட்கிறேன்.

அன்றைக்கு அம்மோனைட் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம். அம்மா குனிவதற்கு முன்னால், எல்லாரும் இருக்கும்போது, "கறை என்னால வந்தது, கரண்டிய வச்சது நான்தான்" என்று சொல்வீர்களா அக்கா?

பிரகதீஸ்வரி